கண்ணாடி தூக்குகிறவர்களுக்கான நல்ல வார்த்தைகள்

பெரிய கண்ணாடி ஒன்றை இரண்டு பேர் நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு போகும்போது முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. பின்னால் வருகிறவனுக்கு முன்னவன் முதுகு தெரியும், காலடியில் வரும் படி தெரியாது. நடுவில் காற்று அடித்தால் கண்ணாடி பாய்மரம்போல ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே எங்கள் தொழிலில் வாய்தான் கண். நானும் ஒட்டடைக்குச்சியும் எட்டு வருஷமாக ஜோடி. நான் "எருமை" என்றால் அவன் நடையை எட்டிப் போடுவான். "பன்னாடை" என்றால் இடது பக்கம் சாய்கிறது, நிமிர்த்து. "மூதேவி" என்றால் காற்று வருகிறது, இருந்த இடத்திலேயே இறக்கு. இந்த எட்டு வருஷத்தில் எங்கள் கையில் ஒரு கண்ணாடி உடைந்ததில்லை, ஒரு விரல் போனதில்லை.

ஒட்டடைக்குச்சி வேறு நாட்டுக்காரன். ஆளும் அந்த உயரம், அந்த ஒல்லி. பெயரை நான்தான் வைத்தேன். என்னை அவன் உரல் என்பான். எங்கள் பேச்சை அவன் கற்றுக்கொண்டது பூராவும் என் வாயிலிருந்து என்பதால், வசவை எடுத்துவிட்டால் அவனிடம் மிச்சம் அதிகம் இருக்காது. தூக்குவதற்கு முன்னால் பிடியில் கையை வைத்துக்கொண்டு தினமும் ஒன்று சொல்வான். அது அவன் ஊர்ச் சரக்கு: "ரெண்டு பக்கமும் ஓட்டை விழுந்த வாளியே!" நான் "தூக்குடா தண்டச்சோறு" என்பேன். அப்புறம்தான் கண்ணாடி தரையை விட்டுக் கிளம்பும்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒருவர், நாங்கள் கண்ணாடி ஏற்றிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்தைப் பார்க்க வந்தார். தலையில் ஒரு கீறல்கூட இல்லாத தொப்பி. நாங்கள் அவரைக் கடக்கிற நேரம் பார்த்துக் காற்று வந்தது. "மூதேவி!" என்று கத்தினேன். ஒட்டடை இறக்கினான். கண்ணாடி பிழைத்தது, பக்கத்தில் நின்ற அவரும் பிழைத்தார். மனம்தான் பிழைக்கவில்லை போலிருக்கிறது. மறு மாதமே சொல்நலப் பிரிவு என்று ஒன்று வந்து இறங்கியது. பிரிவு என்றால் இடம் வேண்டுமே? நாங்கள் தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, காலை நீட்டிக்கொண்டிருந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். கதவில் 'இங்கு உங்கள் மனம் பாதுகாக்கப்படுகிறது' என்று பலகை மாட்டினார்கள். மனம் உள்ளே குளுகுளுவென்று இருக்க, உடம்பை வெயிலில் வைத்துக்கொண்டோம்.

சொல்நல அலுவலர் முதல் நாள் எங்களை முற்றத்தில் நிற்கவைத்து ஒலிபெருக்கியில் பேசினார்.

"உங்களைப் போன்ற கடைநிலை ஆட்களுக்கும் மனம் என்று ஒன்று இருப்பதாக நிர்வாகம் கண்டுபிடித்திருக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பை நான் மதிக்கிறேன். முப்பத்திரண்டு மொழிகளில் வசவு படித்துப் பட்டம் வாங்கியவன் நான். அதில் ஒரு மொழியில்கூட 'எப்படி இருக்கீங்க' என்று கேட்கத் தெரியாது. அது பாடத்திட்டத்தில் இல்லை. உங்கள் பெயர்களைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான். நேரமில்லாததால் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவேன். அதனால் யாருக்காவது மனம் புண்பட்டால் படிவம் மூன்றை நிரப்பிக் கொடுக்கலாம்."

படிவம் மூன்றில், புண்பட்ட தேதி, நேரம், புண்பட்ட இடம் (நெஞ்சு, வயிறு, பிற), புண் ஆற எடுத்துக்கொண்ட நிமிடங்கள், மேலதிகாரி முன்னிலையில் மீண்டும் ஒருமுறை புண்பட்டுக் காட்டச் சம்மதமா என்றெல்லாம் கேட்டிருந்தது.

பிறகு யார் யாருக்கு எந்தச் சொல் வலிக்கும் என்று கணக்கெடுத்தார்கள். எங்கள் கட்டடத்தில் ஒன்பது நாட்டு ஆட்கள். வெல்டர் சொன்னார்: "எங்க ஊர்ல ஒருத்தனைப் பாத்து 'சாப்பிட்டியா'ன்னு கேக்கக் கூடாது சார். பட்டினி கிடக்கிற மூஞ்சின்னு அர்த்தம்." அடுத்து நின்ற பெயிண்டர் கொதித்துவிட்டார். "கேக்காம போனாதான் சார் அசிங்கம்! எங்க ஊர்ல கேக்காம போனா அந்த வீட்டோட பேச்சு முறிஞ்சுதுன்னு அர்த்தம். ரெண்டு வருஷமா இந்த ஆளு என்னைக் கேட்டதே இல்லை. இப்பத்தான் தெரியுது."

அலுவலர் இரண்டையும் எழுதிக்கொண்டு, இருவருக்கும் நியாயமாகத் தீர்மானம் போட்டார். 'சாப்பிட்டாயா' என்பதை ஒருவரிடம் நாளைக்கு ஒருமுறை, மெல்லிய குரலில், பதிலை எதிர்பாராமல் கேட்கலாம்.

கம்பி கட்டுகிறவர் தன்னைப் பார்த்து "உடம்பு வச்சிருக்கே" என்று சொன்னால் ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பேன் என்றார். லிஃப்ட் ஓட்டும் அக்கா, "என்னைப் பாத்து எவனாவது அப்படிச் சொன்னா பட்டனை அமுக்க மாட்டேன், படியேறிப் போகட்டும்" என்றார். உடம்பு தடை செய்யப்பட்டது.

என் முறை வந்தது. "உனக்கு எந்தச் சொல் வலிக்கும்?"

"'நாளைக்கு வா'ங்கறது வலிக்குங்க."

"அது வசவு இல்லைப்பா. அது நிர்வாக நடைமுறை."

ஒட்டடையிடம் கேட்டார்கள். அவன் யோசித்துவிட்டு, "திட்டினா எதுவும் வலிக்காது சார். நல்லதாச் சொன்னாதான் பயம்" என்றான். அலுவலர் சிரித்து, 'நகைச்சுவை உணர்வு உள்ளவர்' என்று எழுதிக்கொண்டார்.

நூற்றுப் பன்னிரண்டு சொற்களைத் தடை செய்து சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் கூட்டத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதுவும் நாற்பது வயதுக்கு மேல், கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் 'இந்தப் பக்கம் மேலே', 'உடையும்', 'படுக்க வைக்காதே' என்ற எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வந்த படிப்பு. "என்ன போட்டிருக்கு, படி" என்றார்கள். விரலை வைத்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். ஒன்பது நாட்டு வசவுகளும் ஒரே தாளில் கிடைப்பது சாமானியமா? தெரிந்த சொல் வந்தால் சிரித்தார்கள், புதுச் சொல் வந்தால் அர்த்தம் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். முப்பத்தேழாவது சொல்லை மட்டும் பெயிண்டர், "இன்னொருக்கா சொல்லு, நல்லாருக்கு" என்றார். சொன்னேன்.

மாலையில் என்னைக் கூப்பிட்டார்கள். அலுவலரின் எழுத்தர் கையில் இருந்த தாள் முழுக்கக் கோடுகள்.

"நூற்றுப் பதின்மூன்று குற்றங்கள்" என்றார் அலுவலர். "ஒரே மூச்சில். இந்தத் துறையில் இது ஒரு சாதனை."

"நீங்க ஒட்டினதைத்தானே சார் படிச்சேன்?"

"நாங்கள் எழுத்தில் ஒட்டினோம். நீ வாயில் எடுத்தாய். எழுத்தால் இங்கே யாரும் புண்பட மாட்டார்கள், தீர விசாரித்துவிட்டோம். யாருக்கும் படிக்கத் தெரியாது."

முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் பட்டியலை எடுத்துவிட்டு, இனி விசாரணைகளில் அந்தச் சொற்களை எண்ணால் மட்டுமே குறிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. 'எருமை' பதினாலு. 'பன்னாடை' முப்பத்தொன்று. 'மூதேவி' அறுபது.

மறுநாள் காலை படியில் ஒட்டடை சுணங்கினான். "டேய் பதினாலு!" என்றேன். எட்டி நடந்தான். ஒரு வாரத்தில் கட்டடமே கணக்கு வாத்தியார்கள் மாதிரி பேசிக்கொண்டது. "போடா எழுபத்திரண்டு." "யாரைப் பாத்துச் சொன்னே? உங்கப்பன் எழுபத்திரண்டு."

நிர்வாகம் சும்மா இருக்குமா? பதினாலு, முப்பத்தொன்று, அறுபது, எழுபத்திரண்டு ஆகிய எண்களைத் தடை செய்தது. லிஃப்டில் பதினாலாம் பட்டன் மேல் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். "எங்கப்பா போகணும்?" என்று லிஃப்ட் அக்கா கேட்பார். "பதிமூணுக்கு மேலே, பதினஞ்சுக்குக் கீழே அக்கா." "அப்படிச் சொல்லு. மரியாதையான மாடி அது." சரக்குச் சீட்டில் அந்த மாடியின் எண்ணை வெற்றிடமாக விட்டதில், அங்கே போக வேண்டிய நாலு கண்ணாடி ஒரு வாரம் கார் நிறுத்துமிடத்தில் கிடந்தது.

இவ்வளவும் சிரித்துக்கொண்டே போயிருக்கும். அடுத்த உத்தரவுதான் சிரிப்பை நிறுத்தியது.

கெட்ட வார்த்தையை ஒழித்தால் போதாது, நல்ல வார்த்தையை ஊட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பன்னிரண்டு ஊக்கச் சொற்றொடர்களை அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறை தூக்குவதற்கு முன்பும் ஜோடியில் ஒருவர் மற்றவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத்தர் பக்கத்தில் நின்று, தவறினால் கோடு போடுவார்.

முதல் நாள். இருபதாம் மாடி. பிடியில் கையை வைத்துக்கொண்டு தாளைப் பார்த்துப் படித்தேன்: "உங்களைப் போன்ற திறமைசாலியோடு பணிபுரிவது என் வாழ்நாள் பெருமை."

ஒட்டடை பிடியை விட்டுவிட்டான். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"என்னடா சொல்றே? எனக்கு என்ன ஆச்சு? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"உனக்கு ஒண்ணும் ஆகலைடா. தாள்ல போட்டிருக்கு, படிச்சேன்."

"நான் தூக்க மாட்டேன்."

எழுத்தர், 'மரியாதையை ஏற்க மறுத்தல்: ஒன்று' என்று எழுதினார்.

மத்தியானம் மணல் குவியல் ஓரத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான். அவர்கள் ஊரில் ஒருவனை முகத்துக்கு நேரே புகழ்வது அவன் செத்த பிறகுதான். பாடையைத் தூக்குவதற்கு முன்னால் ஊரே நின்று அவன் பெருமையைச் சொல்லும். உயிரோடு இருக்கிறவன் மலை ஏறப் போனாலும் ஆறு கடக்கப் போனாலும் கூட்டாளி அவனை நன்றாகத் திட்டி அனுப்ப வேண்டும். இவன் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று சாவு அவனைத் தாண்டிப் போய்விடுமாம்.

"அப்ப எட்டு வருஷமா நீ என்னைத் திட்டினது?"

"பின்னே? உன் மேல கோவமா எனக்கு? உனக்கு ரெண்டு பிள்ளை இருக்கு." அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நீயும்தானே என்னைத் திட்டினே. இவனுக்கும் நம்ம வழக்கம் தெரிஞ்சிருக்கேன்னு நினைச்சேன். நீ எதுக்குத் திட்டினே?"

எங்கள் பக்கம் பிரியம் உள்ளவனைத் திட்டுவோம், அவ்வளவுதான். அதற்கு இத்தனை பெரிய காரணம் எல்லாம் கிடையாது. "அதுக்குத்தான்டா" என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த நாள் ஊக்கச் சொல்லைச் சொல்லிவிட்டு, இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு "தண்டச்சோறு" என்று சேர்த்துப் பார்த்தேன். எழுத்தருக்குப் பாம்புச் செவி. என் பெயரில் ஒரு கோடு விழுந்தது. ஒட்டடை தூக்கவில்லை. அவன் பெயரில் இரண்டாவது கோடு. மூன்றாவது விழுந்தால் வேலை போகும். வேலை போனால் அவனுடைய அனுமதிச் சீட்டும் போகும். முப்பது நாளில் குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அவனுக்கு ஒரே பெண். இங்கேயே வளர்ந்து, நம் பேச்சை நம்மைவிட நன்றாகப் பேசும். இன்னும் இரண்டு மாதத்தில் பள்ளி இறுதிப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை.

மூன்றாவது கோட்டுக்கு முன்னால் விசாரணை வைத்தார்கள். சாட்சி நான். எங்கள் பழைய அறைதான். நாற்காலி அலுவலருக்கு ஒன்று, எழுத்தருக்கு ஒன்று, கோப்புகளுக்கு மூன்று. நாங்கள் நின்றோம்.

"என் இருபது வருட அனுபவத்தில்," என்றார் அலுவலர், "வசவு வேண்டாம் என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். மரியாதை வேண்டாம் என்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். இது மற்றவர்களுக்கும் பரவினால் என் பிரிவு என்ன ஆவது?"

ஒட்டடை தன் ஊர் வழக்கத்தைச் சொன்னான். நானும் எடுத்துச் சொன்னேன். அலுவலர் பொறுமையாகக் கேட்டார், அதாவது நாங்கள் பேசும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா நாட்டுப் பண்பாட்டையும் நாங்கள் மதிக்கிறோம். அதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் வழக்கம் அதில் இல்லை. இருந்தாலும் நான் இரக்கமுள்ளவன். ஒரு வாய்ப்புத் தருகிறேன். நாளை காலை எல்லாத் தொழிலாளர்கள் முன்னாலும் உங்களை நானே புகழ்ந்து ஒரு பாராட்டுரை வாசிப்பேன். நீங்கள் அசையாமல் நின்று கேட்டு, கடைசியில் நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் கோடுகள் ரத்து. அப்படியே மேலே போய் வேலையைத் தொடரலாம். அசைந்தால் மூன்றாவது கோடு."

வெளியே வந்ததும், "நின்னுடறேன் உரலு" என்றான். "பொண்ணு பரீட்சை எழுதணும். புகழட்டும். நன்றி சொல்லிட்டு மேலே ஏறுறேன். விழுந்தா விழறேன்."

"நன்றி சொன்னா என்னடா அர்த்தம் உங்க ஊர்ல?"

"செத்தவன் எங்க நன்றி சொல்லியிருக்கான்? சொன்னா ஒத்துக்கிட்டான்னுதான் ஆகும்."

எனக்கு அவர்கள் ஊர் நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் பயந்த கையில் கண்ணாடி என்ன ஆகும் என்று தெரியும். அந்தக் கண்ணாடியின் இன்னொரு முனையில் யார் இருப்பான் என்பதும் தெரியும்.

மறுநாள் காலை முற்றத்தில் எல்லோரும் கூடினோம். ஒட்டடையை நடுவில் ஒரு பெட்டி மேல் ஏற்றினார்கள். அலுவலர் மூன்று பக்கம் எழுதி வந்திருந்தார்.

"பொறுமையின் சிகரமே! உழைப்பின் உறைவிடமே! உன்னைப் போல் ஒருவரை இனி இந்த நிறுவனம் காணுமா?"

ஒட்டடைக்குக் கீழே பெட்டி கிறீச்சிடத் தொடங்கியது. அவன் ஊர் ஆட்கள் நாலு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். அலுவலர் அதைப் பார்த்து இன்னும் உற்சாகமாகிக் குரலை உயர்த்தினார்.

"அன்பின் ஊற்றே! நீ விட்டுச்செல்லும் தடங்கள்..."

ஒட்டடை கண்ணை மூடிவிட்டான். உதடு மட்டும் அசைந்தது. மகள் பெயரைச் சொல்கிறான் என்று தெரிந்தது. என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை.

"டேய் ஒட்டடை!" என்று கத்தினேன். "நீ பொறுமையின் சிகரமா? பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டானா பஸ்ஸோட டயரை உதைக்கிற மூதேவி நீ! உழைப்பின் உறைவிடமா? மத்தியானம் நீ விடற குறட்டையில சிமெண்டு மூட்டை கிழியுதுடா எருமை! அன்பின் ஊற்றா? எட்டு வருஷத்துல ஒரு நாள் ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பியா, கஞ்சப் பன்னாடை! உன்னை எமன் வந்து பாத்தாக்கூட, 'சீ, இதைத் தூக்கிட்டுப் போய் எங்க வைக்கிறது'ன்னு விட்டுட்டுப் போயிடுவான். உதவாக்கரை! அரைவேக்காடு! ஓட்டைப் பானை! புறம்போக்கு!"

நம் சரக்கு தீர்ந்ததும் பட்டியலில் படித்த வெளிநாட்டுச் சரக்கை எடுத்தேன். முப்பத்தேழாவது சொல்லைச் சொன்னபோது பெயிண்டர் கை தட்டினார். எழுத்தர் கோடு போட்டுப் போட்டுத் தாள் தீர்ந்து உள்ளங்கையில் போட்டார்.

ஒட்டடை கண்ணைத் திறந்தான். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. பெட்டியின் சத்தம் நின்றிருந்தது. என்னைப் பார்த்து, "நன்றி" என்றான்.

"பார்த்தீர்களா!" என்றார் அலுவலர். "வசவு மழைக்கு நடுவிலும் அசையாமல் நின்று என் பாராட்டுக்கு நன்றி சொன்ன பண்பாளர்! இந்தப் பிரிவின் முதல் வெற்றி!" ஒட்டடையின் கோடுகள் அங்கேயே ரத்தாயின. அவன் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். நல்லவேளை, மாலை போடவில்லை.

எனக்குக் கடிதம் வந்தது. 'பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் மேலான சேவைக்கு நிறுவனம் என்றும் கடன்பட்டுள்ளது. தங்கள் சேவை இனி தேவைப்படாது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் எதிர்காலம் ஒளிமயமாக அமைய வாழ்த்துகள்.' இரண்டு தடவை படித்தேன். நூற்றுப் பன்னிரண்டில் ஒரு சொல்கூட அதில் இல்லை. என் மனைவி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்களே, சம்பளம் உசத்திட்டாங்களா?" என்றாள்.

நான் வேறு வேலை தேடி அலைந்த நாட்களில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒட்டடை எங்கள் கதவைத் தட்டினான். புது ஜோடிக்காரன் ஊக்கச் சொல்லை மனப்பாடமாக ஒப்பிக்கிறவனாம். அதற்கு முன்னால் ஒரு காப்பு வேண்டுமே. வாசலில் நின்று வாங்கிக்கொண்டு, எனக்கு ஒன்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவான். சில நாள் என் மனைவியே, "நீங்க தூங்குங்க, நான் திட்டி அனுப்பிடறேன்" என்று எழுந்து போவாள். அவள் திட்டிய நாட்களில் வேலை இன்னும் நன்றாக ஓடியது என்று அவன் சொன்னான்.

ஒருநாள் அவன் தனியாக வரவில்லை. பக்கத்தில் மகள் நின்றது. பள்ளிச் சீருடை, படிய வாரிய தலை, கையில் பேனாக்கள் தெரிகிற பிளாஸ்டிக் பை.

"மாமா," என்றது. "அப்பா திட்டினா செல்லாதாம். வெளியாள்தான் திட்டணுமாம். எனக்குப் பரீட்சை. திட்டுங்க."

வாழ்நாள் பூரா வாயால் பிழைத்தவன் நான். அன்றைக்கு அந்தப் பேனாக்களை எண்ணிக்கொண்டு நின்றேன். ஒட்டடை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து என் மனைவி, "என்ன நிக்கறீங்க, பிள்ளைக்கு நேரமாகுது" என்றாள்.

"சோம்பேறிக் கழுதை" என்றேன். "ஒண்ணுக்கும் உதவாத மண்டூகம். நீயெல்லாம் பரீட்சை எழுதி என்னத்தைக் கிழிக்கப் போறே. போ அந்தப் பக்கம்."

தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டது. பஸ்ஸுக்கு இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

"இன்னைக்குக் கணக்குப் பரீட்சை மாமா. இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லுங்க."